டபிள்யூ-4 படிவத்தில் எதை நிரப்புவது? இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு ஒரு கணக்கு

ஏப்ரல் முதல் வாரம், இரவு பத்தரை மணி. பாப்பா தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வரிக் கணக்கில் உட்கார்ந்தோம். என்னுடைய டபிள்யூ-2-வை (வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சீட்டு) ஏற்றியதும் திரையின் மூலையில் பச்சை எழுத்தில் இரண்டாயிரம் டாலர் ரீஃபண்ட் என்று வந்தது. மனைவியுடையதை ஏற்றினேன். பச்சை சிவப்பானது. நாங்கள்தான் பதினோராயிரம் டாலர் கட்ட வேண்டுமாம். "எங்கயோ தப்பா அடிச்சிட்டீங்க, திரும்பப் பாருங்க" என்றாள். மூன்று தடவை பார்த்தோம். ஒரு எண்ணும் தப்பில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளில் இருவரும் தனித்தனியாக, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் டபிள்யூ-4-இல் 'மணமானவர், சேர்ந்து தாக்கல் செய்பவர்' என்பதைக் குறித்துக் கையெழுத்துப் போட்டு, மற்ற இடங்களை வெறுமையாக விட்டிருந்தோம். வினை அங்கேதான் இருந்தது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் நிறையப் பேர் வீட்டில் இது நடக்கிறது. ஊரில் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் பிரிவே வருடக் கடைசியில் டி.டி.எஸ்.ஸைச் சரிக்கட்டி விடும். இங்கே உங்கள் வீட்டு மொத்தக் கணக்கு உங்கள் கம்பெனியின் சம்பளப் பிரிவான பேரோலுக்குத் தெரியாது. மனைவியின் சம்பளம் தெரியாது, ஊரில் இருக்கும் என்.ஆர்.இ. (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) டெபாசிட் தெரியாது, மற்ற வேலைகள் தெரியாது. டபிள்யூ-4-இல் நீங்கள் எழுதிக் கொடுத்ததை வைத்துத்தான் அது பிடிக்கும். இந்தப் படிவம் உங்கள் வரியை ஒரு டாலர்கூடக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது. வருடம் முழுக்க எப்போது, எவ்வளவாகக் கட்டுகிறீர்கள் என்பதை மட்டுமே மாற்றும். இது மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

சீனியர்கள் இன்னமும் "ஜீரோ போடு, நிறையப் பிடிப்பான், ரெண்டு போட்டா கையில கூட வரும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணிக்கை முறை 2020-இல் படிவம் மாறியபோதே போய்விட்டது. இப்போது இருப்பது ஐந்து படிகள். அவற்றுக்குள் நமக்கு இருக்கும் வழிகளைத்தான் ஒப்பிடப் போகிறேன்.

முதல் வழி, எதையும் தொடாமல் விடுவது. ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு, வேறு வருமானமும் இல்லையென்றால், இது நன்றாகவே வேலை செய்யும். இருவரும் சம்பாதித்தால் கதை வேறு. தலா 1,10,000 டாலர் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 2026-இல் சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு, வரி போடும் முன் வருமானத்தில் கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 32,200 டாலர். இருவருடைய பேரோலும் தனித்தனியே அந்த முழு 32,200-ஐக் கழித்துவிடும். 10, 12 சதவீத ஸ்லாப்களையும் இருவருக்கும் முழுசாகத் தந்துவிடும். ஆளுக்குச் சுமார் 8,840 டாலர், இரண்டும் சேர்ந்து 17,680 டாலர் பிடிப்பார்கள். உண்மையான வரியோ 2,20,000-இல் ஒரே ஒரு முறை 32,200-ஐக் கழித்து 1,87,800-க்குப் போட வேண்டியது. அது 30,740 டாலர். இடைவெளி 13,060. யாரும் பொய் எழுதவில்லை, பேரோலும் தப்புச் செய்யவில்லை. இரண்டு சம்பளம் என்ற செய்தியை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் படியில் 2(சி) என்று ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதை இருவரும் தங்கள் தங்கள் படிவத்தில் டிக் அடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் அடித்தால் பாதிதான் சரியாகும். அடித்தவுடன் டிடக்‌ஷனும் ஸ்லாப்களும் இரண்டாகப் பிரியும். மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு 15,370 டாலர் பிடிப்பார்கள், மொத்தம் 30,740. வரியோடு அச்சாகப் பொருந்தும். சம்பளம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும் தம்பதிக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது, வேறெதையும் தேட வேண்டாம்.

சம்பளம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் இதே பெட்டி அதிகமாகப் பிடித்துவிடும். ஒருவருக்கு 1,60,000, மற்றவருக்கு 40,000 என்று வையுங்கள். பெட்டியை டிக் அடித்தால் மொத்தம் சுமார் 29,754 டாலர் பிடித்தம் ஆகும். கட்ட வேண்டிய வரி 26,340. மூவாயிரத்து நானூறு டாலர் அதிகம். அது ரீஃபண்டாகத் திரும்பி வரும், நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய சம்பளக்காரருக்கு ஒவ்வொரு மாதமும் கையில் வரும் தொகை குறைவது கண்ணுக்குத் தெரியும். இப்படிப்பட்ட வீட்டுக்கு அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் இருக்கும் பிடித்தக் கணக்கீட்டுக் கருவியோ, படிவத்தோடு வரும் பல வேலைகளுக்கான ஒர்க்‌ஷீட்டோ நல்லது. இரண்டுமே கடைசியில் ஒரு தொகையைச் சொல்லும். அதைப் பெரிய சம்பளக்காரரின் படிவத்தில் 4(சி) என்ற இடத்தில் 'ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்க' என்று எழுதினால் போதும். கருவியைத் திறப்பதற்கு முன்னால் இருவரின் கடைசிச் சம்பளச் சீட்டையும் போன வருட ரிட்டர்னையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவி பெயர், எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி எண்) எதையும் கேட்காது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த 4(சி)தான். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் வீடுகளில் சம்பளத்துக்கு வெளியே வரும் வருமானம் பல வடிவத்தில் இருக்கும். என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அமெரிக்க வரிச் சட்டப்படி இங்கே ரெசிடெண்டாக இருப்பவருக்கு உலகின் எந்த மூலையிலிருந்து வரும் வட்டியும் வருமானம்தான். வருடத்துக்கு 6,000 டாலர் மதிப்புள்ள வட்டி வருகிறது, நீங்கள் 22 சதவீத ஸ்லாபில் இருக்கிறீர்கள் என்றால் 1,320 டாலர் வரி. இதைப் படிவத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். 4(ஏ)-வில் 'மற்ற வருமானம்' என்று 6,000 எழுதலாம். அல்லது 4(சி)-யில், இரண்டு வாரத்துக்கு ஒரு சம்பளம் என்றால் 26-ஆல் வகுத்து, 51 டாலர் எழுதலாம். முதல் வழியில் உங்களுக்கு வெளி வருமானம் எவ்வளவு என்பது கம்பெனிக்குத் தெரியும். இரண்டாவதில் தெரியாது, கூடுதலாகப் பிடிக்கச் சொல்பவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. இரண்டும் சட்டப்படி சரிதான். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டாவதைத்தான் வைத்திருக்கிறோம்.

ஆர்.எஸ்.யு. (கம்பெனி சம்பளத்தோடு தரும் பங்குகள்) வாங்குபவர்களுக்கு 4(சி) இன்னும் அவசியம். பங்குகள் வெஸ்ட் ஆகும்போதும் (உங்கள் கைக்கு வரும்போதும்) போனஸ் வரும்போதும் பெரும்பாலான கம்பெனிகள் உங்கள் டபிள்யூ-4-ஐப் பார்ப்பதில்லை. வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை நேராக 22 சதவீதம் பிடித்துவிடுவார்கள். உங்கள் வீடு 32 சதவீத ஸ்லாபில் இருந்தால் 60,000 டாலர் வெஸ்டிங்கில் 13,200 பிடிப்பார்கள், கட்ட வேண்டியது 19,200. ஒரே வெஸ்டிங்கில் ஆறாயிரம் குறைவு. 'வரி பிடித்துவிட்டுத்தானே பங்கைக் கொடுத்தார்கள்' என்ற நிம்மதியில் இருந்து ஏப்ரலில் அதிர்ந்து போனவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். இன்னொரு சின்ன ஓட்டை: மெடிகேருக்கான (முதியோர் மருத்துவக் காப்பீடு) கூடுதல் வரி 0.9 சதவீதம். ஒருவரின் சம்பளம் இரண்டு லட்சத்தைத் தாண்டினால்தான் கம்பெனி பிடிக்கும். தம்பதிக்கோ எல்லை சேர்த்து இரண்டரை லட்சம். தலா 1,90,000 வாங்கும் இருவருக்கு எந்தக் கம்பெனியும் ஒரு காசு பிடிக்காது, ஆனால் 1,170 டாலர் கட்ட வேண்டியிருக்கும்.

பிடித்தத்தைக் கூட்டாமல், காலாண்டு வரியாக நாமே கட்டுவது அடுத்த வழி. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என்று நான்கு தேதி. ஐ.ஆர்.எஸ். தளத்தில் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கு இதுதான் வழி. சம்பளக்காரருக்கு இதில் ஒரு குறை உண்டு: ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிக் கணக்கு. ஜூனில் கட்ட வேண்டியதை டிசம்பரில் கட்டினால் இடைப்பட்ட மாதங்களுக்கு அபராதம் ஓடும். சம்பளத்தில் பிடித்த வரிக்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தருகிறது. அது எந்த மாதம் பிடித்ததாக இருந்தாலும் வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அக்டோபரில் கணக்குப் பார்த்து ஐயாயிரம் குறைகிறது என்று தெரிந்தால், மிச்சம் இருக்கும் ஐந்தாறு சம்பளத்தில் 4(சி) மூலம் பிடிக்கச் சொல்லிவிட்டால் ஏப்ரலிலிருந்தே கட்டி வந்த மாதிரி ஆகிவிடும். பின்தங்கியவர் முன்னால் வர இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சம்பளம் இருக்கும்வரை காலாண்டு வரியைவிட 4(சி)-யே மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு குறைத்துக் கட்டினால் அபராதம் வராது என்ற கேள்விக்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. ரிட்டர்ன் போடும்போது பாக்கி 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் அபராதம் இல்லை. இந்த வருட வரியில் 90 சதவீதம் கட்டியிருந்தாலும் இல்லை. போன வருடத்து மொத்த வரிக்குச் சமமாகக் கட்டியிருந்தாலும் இல்லை. ஆனால் போன வருட ஏ.ஜி.ஐ. (சில கழிவுகளுக்குப் பிறகான மொத்த வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 110 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று போதும். போன வருட வரி 28,000 என்றால் இந்த வருடம் 30,800 பிடித்தமாகிவிட்டால் போதும். பங்கு ஏறி வரி ஐம்பதாயிரமே ஆனாலும் மிச்சத்தை ஏப்ரல் 15-க்குள் கட்டிக்கொள்ளலாம், அபராதம் ஒரு டாலர்கூட வராது. ஆர்.எஸ்.யு. விலை எங்கே போகும் என்று தெரியாதவர்கள் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் போன வருட ரிட்டர்னில் அது அச்சாகி இருக்கிறது, ஊகிக்க வேண்டியதில்லை. மிச்சப் பணத்தைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைத்திருக்கும் கட்டுப்பாடு இருந்தால் இது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்ட வழி. கட்டுப்பாடு இல்லையென்றால் வேண்டாம். வரிக்கு வைத்திருந்த பணம் கார் டவுன் பேமெண்டாகப் போன வீட்டை எனக்குத் தெரியும்.

இந்த எல்லைக்கும் கீழே போய் 'அபராதம் கொஞ்சம்தானே, கட்டிக்கலாம்' என்று நினைப்பவர்கள் அந்த அபராதத்தைக் கணக்கிடும் வட்டி விகிதத்தைப் பார்க்க வேண்டும். 2024 முழுக்க 8 சதவீதம், 2025-இல் 7 சதவீதம். சேமிப்புக் கணக்கில் 4 சதவீதம் கிடைத்தாலும் அதற்கும் வரி உண்டு; அபராதத்தை எங்கேயும் கழிக்க முடியாது. கணக்கு கட்டுப்படியாகாது.

எதிர்ப்பக்கம், வேண்டுமென்றே அதிகமாகப் பிடிக்க விட்டுப் பெரிய ரீஃபண்ட் வாங்குவது. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு, நான் செய்ய மாட்டேன். வருடம் ஒருமுறை மொத்தமாக வந்தால்தான் ஊருக்கு டிக்கெட் போட முடியும் என்ற குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் 4,000 டாலர் ரீஃபண்ட் என்பது இரண்டு வாரத்துக்கு 154 டாலர் வீதம் உங்கள் கையிலிருந்து போனது என்பதையும், அதற்கு அரசு வட்டி தராது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். கிரெடிட் கார்டில் பாக்கியை வைத்துக்கொண்டு பெரிய ரீஃபண்டுக்காகக் காத்திருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பிடித்தத்தைக் குறைக்கும் நேர்மையான வழிகள் மூன்றாம் படியிலும் 4(பி)-யிலும் இருக்கின்றன. 17 வயதுக்குக் கீழுள்ள, எஸ்.எஸ்.என். இருக்கும் குழந்தைக்கு 2026-இல் 2,200 டாலர் வரியிலிருந்தே கழியும். எச்-4 குடும்ப விசாவில் வந்து ஐ.டி.ஐ.என். (எஸ்.எஸ்.என். கிடைக்காதவருக்கான வரி எண்) மட்டுமே இருக்கும் குழந்தைக்கு 500 டாலர்தான். இதில் நம்மவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். ஒரே வீட்டில் மூத்த பெண்ணுக்கு ஐ.டி.ஐ.என்., இங்கே பிறந்த சின்னவனுக்கு எஸ்.எஸ்.என். என்றால் தொகை 2,700, 4,400 அல்ல. மாதாமாதம் பணம் அனுப்பினாலும் இந்தியாவில் வசிக்கும் அப்பா அம்மாவை இதில் சேர்க்க முடியாது. மூன்றாம் படியைக் கணவன் மனைவி இருவரில் ஒருவர் படிவத்தில் மட்டும், அதுவும் பெரிய சம்பளக்காரருடையதில், நிரப்ப வேண்டும். வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் சேர்ந்து ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைத் தாண்டினால், தாண்டுகிற தொகையை 4(பி)-யில் எழுதலாம். வரியையே குறைக்க வேண்டும் என்றால் டபிள்யூ-4-ஐ விட்டுவிட்டு 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்பைப் பாருங்கள். 2026-இல் 24,500 டாலர் வரை போடலாம். 22 சதவீத ஸ்லாபில் இருப்பவர் இன்னும் பத்தாயிரம் போட்டால் 2,200 டாலர் வரி இப்போதைக்குக் குறையும், அது அடுத்த சம்பளத்திலிருந்தே பிடித்தத்திலும் தெரியும்.

இனி, செய்யவே கூடாதது. போன பிப்ரவரியில் டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணா, மார்ச்ல போனஸ் வருது. ரெண்டு மாசத்துக்கு எக்ஸெம்ப்ட்னு போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க. எல்லாரும் பண்றாங்களாம். பண்ணட்டுமா?" "வேண்டாம்டா" என்றேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி, ஏனென்றால் மற்ற வழிகள் எல்லாமே சட்டப்படி சரி என்னும்போது இது மட்டும் ஏன் தப்பு என்று தோன்றும்.

எக்ஸெம்ப்ட், அதாவது ஃபெடரல் வருமான வரியே பிடிக்க வேண்டாம், என்று குறிக்க இரண்டு நிபந்தனை. போன வருடம் உங்களுக்கு ஃபெடரல் வருமான வரியே இருந்திருக்கக் கூடாது. இந்த வருடமும் இருக்காது என்று நீங்கள் எதிர்பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். ரீஃபண்ட் வந்தது என்பதற்காக வரி இல்லை என்று ஆகாது. முழு நேர வேலை பார்க்கும் ஒருவருக்கு இது பெரும்பாலும் பொருந்தாது. டபிள்யூ-4-இன் அடியில் நீங்கள் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்பதற்கு உட்பட்டுப் போடும் கையெழுத்து. ஆதாரமில்லாமல் பிடித்தத்தைக் குறைக்கும் தகவலை எழுதினால் 500 டாலர் சிவில் அபராதம். தெரிந்தே பொய் எழுதியதாக நிரூபணமானால் 1,000 டாலர் வரை அபராதமும் ஒரு வருடம் வரை சிறையும். இல்லாத குழந்தையை எழுதுவது, 4(பி)-யில் கற்பனைத் தொகையைப் போடுவது எல்லாம் இதில்தான் சேரும்.

ஐ.ஆர்.எஸ்.ஸுக்குச் சந்தேகம் வந்தால் கம்பெனிக்கே கடிதம் அனுப்பும். 'லாக்-இன்' கடிதம் என்பார்கள். அதில் சொன்ன அளவில்தான் அதன் பிறகு பிடிக்க வேண்டும். நீங்கள் குறைத்துப் பிடிக்கச் சொல்லும் புதுப் படிவத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டாலும் செயல்படுத்த முடியாது. உங்கள் எச்.ஆர். அதைப் பார்ப்பார்கள். சிட்டிசன்ஷிப் விண்ணப்பத்தில் வரி பாக்கி இருக்கிறதா என்ற கேள்வி இருப்பதையும் தம்பியிடம் சொன்னேன். அவன் கிரீன் கார்டுக்காகக் காத்திருப்பவன். இரண்டு மாதம் கையில் கூடுதலாக வரும் பணத்துக்காக அந்தக் கையெழுத்தைப் பணயம் வைக்க வேண்டாம் என்றேன். ஏப்ரலில் பணம் பாக்கியாக இருப்பது குற்றமல்ல, கட்டிவிட்டால் முடிந்தது. பொய்யான படிவம் அப்படியல்ல.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் பொதுவாக நீங்கள் வரிச் சட்டப்படி நான்-ரெசிடெண்ட் (இங்கே வசிக்காதவர்). உங்கள் டபிள்யூ-4-க்குத் தனி விதிகள் இருக்கின்றன: திருமணமாகியிருந்தாலும் 'சிங்கிள்' என்றே குறிக்க வேண்டும், நான்-ரெசிடெண்ட் ஏலியன் என்று 4(சி)-க்குக் கீழே உள்ள இடத்தில் எழுத வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தமும் அந்தக் காலத்தில் உங்களுக்கு இல்லை. தவறிப் பிடித்திருந்தால் முதலில் கம்பெனியிடமே திரும்பக் கேளுங்கள். மற்ற எல்லோருக்கும் அந்த இரண்டும் டபிள்யூ-4-இல் என்ன எழுதினாலும் மாறாது.

மாநில வரி தனி. டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லை. பென்சில்வேனியாவில் எல்லோருக்கும் 3.07 சதவீதம், நிரப்ப ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் டி.ஈ.-4 என்று தனிப் படிவம் இருக்கிறது. ஃபெடரல் படிவத்தைச் சரிசெய்துவிட்டு இதை மறந்துவிடுபவர்கள் அதிகம்.

அந்த ஏப்ரலுக்குப் பிறகு நாங்கள் இருவரும் 2(சி)-யை டிக் அடித்தோம். என்.ஆர்.இ. வட்டிக்காக என் படிவத்தில் 4(சி)-யில் ஒரு தொகை. புதுப் படிவத்தைச் செயல்படுத்தக் கம்பெனிக்குச் சுமார் 30 நாள் அவகாசம் உண்டு என்பதால் முதல் சம்பளத்தில் மாற்றம் தெரியவில்லை என்று பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து வரும் சம்பளச் சீட்டில் 'ஃபெடரல் வித்ஹோல்டிங்' வரியைப் பாருங்கள். மாறவில்லையென்றால் பேரோலுக்கு ஒரு மெயில் போடுங்கள். வருடக் கடைசியில் பள்ளத்தை நிரப்ப 4(சி)-யில் பெரிய தொகை எழுதியவர்கள் டிசம்பரிலேயே இன்னொரு படிவம் கொடுத்து அதைக் குறைத்துவிடுங்கள். யாரும் நினைவூட்ட மாட்டார்கள், ஜனவரிச் சம்பளத்திலும் அதே தொகை போகும்.